ஆட்டுக்கும் ஒரு பஞ்சாங்கம்

நம் மன்றத்து மலருக்கு ஏதேனும் எழுதித் தர வேண்டும் என்று நண்பர்கள் கேட்டார்கள். அணுவைப் பற்றியும் விண்மீனைப் பற்றியும் எழுத இங்கே பலர் உண்டு. இயற்பியல் மாணவனாகிய நான் எழுதப் போவது ஆட்டைப் பற்றி. நண்பர்களே, சிரிக்க வேண்டாம். காரியவட்டத்து வகுப்பறையில் நான் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருப்பது ஆட்டின் தயவால்தான்.

எட்டயபுரத்துக்கும் விளாத்திகுளத்துக்கும் இடையே, கரிசல் காட்டில் இருக்கிறது எங்கள் ஊர். வானம் பார்த்த பூமி. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை பெய்தால் உளுந்து உண்டு, கம்பு உண்டு, சோளம் உண்டு. பெய்யாவிட்டால் கருவேல மரம் மட்டுமே உண்டு. ஆகையால் அப்பா பல ஆண்டுகளுக்கு முன்பே திருவனந்தபுரம் வந்து, சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் வேலைக்கு அமர்ந்தார். அம்மா ஊரோடு இருந்துகொண்டாள். தமிழக அரசு 2011ஆம் ஆண்டு செப்டம்பரில், ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு விலையின்றி 4 ஆடுகள் வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. அதன் வழியாக எங்கள் வீட்டுக்கும் 4 வெள்ளாடுகள் வந்தன. அவை குட்டி போட்டுப் பெருகின. அப்பாவின் சம்பளம் அறை வாடகைக்கும் சோற்றுக்கும் போயிற்று. என் கட்டணத்தையும் தங்கையின் புத்தகத்தையும் ஆடுகள் பார்த்துக்கொண்டன.

எங்கள் வீட்டில் பெட்டை ஆடுகளுக்கெல்லாம் பெயர் உண்டு. கிடாக்களுக்கு அம்மா பெயர் வைப்பதில்லை. காரணத்தை நான் கேட்டதுமில்லை, அவள் சொன்னதுமில்லை. கிடா விற்பதற்கு உரியது. எப்போது விற்பது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை தேடிய கதையைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

ஆட்டிறைச்சிக்கு ஆண்டு முழுவதும் ஒரே விலை இல்லை. பண்டிகைதான் அதற்கு விலை வைக்கிறது. இந்நகரத்துப் பாளையத்தை நீங்கள் அறிவீர்கள். பள்ளிவாசல், கத்தோலிக்கப் பேராலயம், கணபதி கோயில் மூன்றும் அங்கே கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. அவற்றின் நாட்காட்டிகள் மூன்றும் வேறு வேறு. பக்ரீத் முழுக்க முழுக்கச் சந்திரனைப் பின்பற்றுகிறது. கிறிஸ்துமஸ் சூரியனைப் பின்பற்றுகிறது. ஈஸ்டரும் தீபாவளியும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கின்றன. தை மாதப் பொங்கல் சூரியனுடையது. எங்கள் பக்கத்துச் சுடலைமாடன் கொடைக்கும் அம்மன் கொடைக்கும் ஊர் கூடி நாள் குறிப்பார்கள்.

ஒவ்வொரு நாளும் வேறு வேறு ஆட்டைக் கேட்கிறது. தீபாவளிக்கு வேண்டியது கறி. காயடித்து வளர்த்த, நடுமுதுகில் சதை பிடித்த ஆடு போதும்; கொம்பு ஒடிந்திருந்தாலும் குற்றமில்லை. நாலைந்து வீட்டார் சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கிக் கூறு போட்டுக்கொள்வார்கள். கொடைக்கு வேண்டியது கிடா. அதிலும் உடல் முழுதும் கருப்பாயிருந்தால் மதிப்பு மிகுதி. பக்ரீத்துக்கு வேண்டியது குறையில்லாத ஆடு. வெள்ளாடாயின் ஓராண்டு நிறைந்திருக்க வேண்டும். கண் குருடு, கால் ஊனம், நோய், எலும்பும் தோலுமான மெலிவு எதுவும் கூடாது. ஆகவே வாங்குவோர் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். இரண்டு பல் போட்ட கிடா என்றால் வயதைப் பற்றி வாதமில்லை. பிறகு உயரத்தையும் நிறத்தையும் பார்ப்பார்கள். எங்கள் மாவட்டத்துக் கொடி ஆடு உயரமானது. வெள்ளையில் கருமை தெறித்தது கரும்போரை. செம்மை தெறித்தது செம்போரை. அந்த உயரத்துக்கே பக்ரீத் சந்தையில் தனி விலை உண்டு.

ஏறும் நாட்கள் இருப்பதுபோல் இறங்கும் நாட்களும் உண்டு. புரட்டாசியில் தமிழ்நாட்டில் பலர் புலால் உண்பதில்லை. கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு மாலை போட்டவர் வீடுகளில் 41 நாள் விரதம். ஈஸ்டருக்கு முன்னே கிறிஸ்தவர்களுக்குத் தவக்காலம். நம் திருவனந்தபுரத்தில் ஓணத்துக்குப் பெரும்பாலோர் இலை போட்டு உண்பது மரக்கறி விருந்து. பண்டிகை வந்தால் ஆடு விற்கும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. எந்தப் பண்டிகை, எந்த ஊர், எந்த ஆடு என்று கேட்க வேண்டும்.

சட்டமும் சந்தையை மாற்றுகிறது. கேரளத்தில் 1968ஆம் ஆண்டுச் சட்டம் கோயில்களில் உயிர்ப்பலியைத் தடை செய்திருக்கிறது. தமிழ்நாட்டிலும் 1950ஆம் ஆண்டிலேயே அத்தகைய சட்டம் இயற்றப்பட்டது. நெடுங்காலம் அது ஏட்டில் கிடந்தது. 2003இல் அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த ஆணை பிறந்தது. 2004இல் சட்டமே நீக்கப்பட்டது. ஆகவே கொடைக்கென்று வளர்த்த கருங்கிடாவுக்குக் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் ஒரு விலை, இந்தப் பக்கம் வேறு விலை. அந்தப் பக்கம் அது நேர்ச்சைப் பொருள். இந்தப் பக்கம் வெறும் கறி.

இனிச் சந்தைக்கு வருவோம். எட்டயபுரத்தில் சனிக்கிழமை தோறும் ஆட்டுச் சந்தை கூடும். தென் மாவட்டங்களில் அது பெயர் பெற்றது. மேலப்பாளையத்தில் செவ்வாய்க்கிழமையும் திருமங்கலத்தில் வெள்ளிக்கிழமையும் சந்தை. எட்டயபுரத்தில் கிழக்கு வெளுக்குமுன்பே வண்டிகள் வந்து நிற்கும். தராசு என்பது அங்கே அரிது. வியாபாரி ஆட்டின் முதுகை ஒரு பிடி பிடிப்பார். முன்னங்காலுக்குப் பின்னே கை கொடுத்து ஒரு முறை தூக்கிப் பார்ப்பார். எத்தனை கிலோ கறி விழும் என்று சொல்லிவிடுவார். தரகரும் வியாபாரியும் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். ஆட்டை வளர்த்தவள் அருகிலேயே நிற்பாள். தன் ஆட்டின் விலை துண்டுக்குள்ளே எப்படி ஏறி எப்படி இறங்கிற்று என்பது அவளுக்குத் தெரியாது. முடிவு மட்டும் தெரியும்.

ஆனால் எங்கள் ஊரில் பல கிடாக்கள் சந்தைக்கே போவதில்லை. பங்குனி மாதத்தில் கையில் பணம் இராது. விளைச்சல் விற்ற காசு தீர்ந்திருக்கும். கல்விக் கட்டணத்தின் கெடு வந்திருக்கும். அந்த நேரம் பார்த்து வியாபாரி வீட்டுக்கே வருவார், அச்சாரம் கொடுப்பார். விலை அன்றே முடிவாகிவிடும். ஆடு வைகாசி வரை எங்கள் தொழுவத்திலேயே நிற்கும். தீனி எங்களுடையது. செத்தாலும் நட்டம் எங்களுடையது.

2024ஆம் ஆண்டில் அம்மா அப்படித்தான் 6 கிடாக்களை, ஒன்று 9,000 ரூபாய் வீதம் கொடுத்தாள். அவ்வாண்டு பக்ரீத் ஜூன் 17. நான் அப்போது பி.எஸ்ஸி. முடித்துவிட்டு அப்பாவின் அறைக்கு வந்திருந்தேன். கடைக்கு வாடிக்கையாக வரும் பீமாப்பள்ளிப் பெரியவர் ஒருவர், “அண்ணாச்சி, உங்கள் ஊர்ப் பக்கத்து ஆடுதான், கூட வந்து பார்த்துச் சொல்ல வேண்டும்” என்று அப்பாவை அழைத்தார். நானும் போனேன். நகரத்துக்கு வெளியே ஒரு திடலில் கயிறு கட்டி ஆடுகளை நிறுத்தியிருந்தார்கள். 27 அல்லது 28 கிலோ இருக்கக்கூடிய ஒரு செம்போரைக் கிடாவுக்கு 18,000 கேட்டார்கள்; 16,500க்கு முடிந்தது. எங்கள் தொழுவத்திலிருந்து போன கிடாக்களும் அதே அளவுதான். திரும்பும்போது அப்பா ஒன்றும் பேசவில்லை. எனக்கு உள்ளம் கொதித்தது.

வியாபாரியைத் திட்டிவிட்டுப் படுத்துக்கொள்வது எளிது. ஆனால் அவர் பக்கத்துக் கணக்கும் ஒன்று உண்டு. வண்டி வாடகை, தரகு, வழித் தீனி, பயணத்தில் இறங்கும் எடை, சாகும் உருப்படி, பண்டிகை முடிந்தும் விலை போகாமல் நிற்கும் உருப்படி எல்லாம் அவருடையவை. பங்குனியில் சொன்ன விலையை, சந்தை விழுந்தாலும் அவர் கொடுத்தாக வேண்டும். 9,000க்கும் 16,500க்கும் இடையே உள்ள 7,500 ரூபாயில் எவ்வளவு உழைப்புக்கு, எவ்வளவு இடருக்கு, எவ்வளவு எங்கள் வறுமைக்கு? இதைப் பிரித்து அறிய வேண்டும் என்று தோன்றிற்று. ஆய்வுக்கூடத்தில் ஒரு காரணத்தை மட்டும் மாற்றி விளைவைப் பார்ப்போம் அன்றோ? அதையே தொழுவத்திலும் செய்து பார்க்க எண்ணினேன்.

2025இல் அம்மா அச்சாரம் வாங்கவில்லை. மகளிர் சுய உதவிக் குழுவில் 20,000 ரூபாய் கடன் எடுத்து என் கட்டணத்தைக் கட்டினாள். நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி. எங்கள் கிடாக்கள் 5. அம்மாவின் பேச்சைக் கேட்டு மேலும் இரண்டு வீட்டார் சேர்ந்தார்கள். மூன்று வீட்டுக்குமாக 14 கிடாக்கள். வைகாசியில் சந்தைக்குப் போய் விலை மட்டும் கேட்டோம். சராசரி 11,500 என்றார்கள். கொடுக்காமல் திரும்பினோம். கால்நடை மருத்துவரிடம் சான்று பெற்று, வண்டி பிடித்து, திருநெல்வேலி, நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரத்துக்கு ஏற்றி வந்தோம்.

வண்டி புறப்படும்போது அம்மா பழைய பலகைகளை எல்லாம் ஏற்றச் சொன்னாள். “ஏ ஐயா, நம்ம ஆடு ஈரத்துல நின்னு பழக்கமில்ல. காலு நனைஞ்சா காய்ச்சல் வரும். அங்கெல்லாம் மழை நிக்காது” என்றாள். அவள் திருவனந்தபுரத்தை ஒரே ஒரு முறை பார்த்தவள். அந்த ஒரு முறை போதுமாயிருந்தது. 2025இல் கேரளத்தில் பருவமழை மே 24ஆம் நாளே தொடங்கிவிட்டது. வழக்கமான ஜூன் 1க்கு ஒரு வாரம் முன்பாக. 2009க்குப் பிறகு அவ்வளவு விரைவாக வந்ததில்லை. நாங்கள் வாடகைக்குப் பிடித்த தென்னந்தோப்பில் தண்ணீர் தேங்கிற்று. பலகை மேல் தார்ப்பாய்க் கூரைக்கடியில் ஆடுகள் நடுங்கிக்கொண்டு நின்றன. மூன்றாம் நாள் ஒரு கிடா கழிச்சல் கண்டு, ஊசி போட்டும் பயனின்றி இறந்தது. அப்பா அதைப் புதைத்துவிட்டு வந்து, மற்றவற்றைச் சாக்கால் துடைத்துக்கொண்டிருந்தார்.

வாங்க வந்தவர்கள் நல்லவர்களாயிருந்தார்கள். எந்த ஊர் ஆடு, என்ன தின்று வளர்ந்தது, யார் வளர்த்தார்கள் என்று கேட்டார்கள். வளர்த்த வீட்டாரே நிற்கிறார்கள் என்றதும் சிலருக்கு மகிழ்ச்சி. பலியிட்ட இறைச்சியை வீட்டுக்கு, உறவினருக்கு, ஏழைக்கு என மூன்றாகப் பங்கிடுவது வழக்கம். ஒருவர் தம் மகனிடம் ஆட்டைத் தடவிக் கொடுக்கச் சொன்னார். சிலர் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். மாடோ எருமையோ ஆனால் 7 பேர் சேர்ந்து ஒன்றைக் கொடுக்கலாம். ஆடு ஒரு குடும்பத்துக்கே. விலை ஏறும்போது அவர்கள் அந்தப் பக்கம் போவது இயற்கை.

ஜூன் 7ஆம் நாள் பக்ரீத். அதற்கு முந்திய இரவுக்குள் 11 கிடாக்கள் சராசரி 16,500 ரூபாய்க்கு விற்றன. இரண்டு நின்றுவிட்டன. பண்டிகை முடிந்ததும் அவற்றுக்குக் கறி விலைதான். 9,000 வீதம் இறைச்சிக் கடைக்குப் போயின.

இனிக் கணக்கு. வரவு 1,99,500. வண்டிக்கு 14,000, தார்ப்பாய், கூடுதல் பலகை, கம்புகளுக்கு 6,500, தோப்பு வாடகை 3,000, தீனி, மருந்து, பிற செலவு 2,500, ஆகச் செலவு 26,000. மிச்சம் 1,73,500. 14 உருப்படிக்கு வகுத்தால் ஒன்றுக்கு 12,393 ரூபாய். எட்டயபுரத்திலேயே விற்றிருந்தால் 11,500 கிடைத்திருக்கும். அத்தனை தூரம் வந்து, மழையில் நனைந்து, ஐந்து நாள் கூலியின்றி உழைத்ததன் பயன் உருப்படிக்கு 900 ரூபாய்கூட இல்லை.

அதே ஆண்டு எங்கள் தெருவில் பங்குனியில் அச்சாரம் வாங்கியவர்களுக்குக் கிடைத்தது 9,200. அதாவது எங்கும் போகாமல், சந்தை நாள் வரை காத்திருந்ததாலேயே ஒரு கிடாவுக்கு 2,300 ரூபாய் கூடியிருக்கிறது. எங்கள் 5 கிடாக்களுக்கு 11,500. குழுவுக்குக் கட்டிய மூன்று மாத வட்டி 600. அச்சாரம் வாங்கியிருந்தால் 20,000 ரூபாயை மூன்று மாதம் முன்கூட்டிப் பெறுவதற்காக 11,500 ரூபாயை இழந்திருப்போம். நூற்றுக்கு மாதம் 19 ரூபாய்க்கு மேல்! வட்டி என்று சொல்லியிருந்தால் அம்மா அந்தப் பணத்தைக் கையால் தொட்டிருக்க மாட்டாள். விலை என்று சொன்னதால் ஆண்டுதோறும் வாங்கிக்கொண்டிருந்தாள்.

நான் கற்றது இதுதான்: பண்டிகை விலை தூரத்தில் இருப்பதைவிட நாளில்தான் மிகுதியாக இருக்கிறது. காத்திருக்க முடிந்தவருக்கு அது கிடைக்கும். முடியாதவர் ஆட்டை விற்பதோடு அந்த நாளையும் சேர்த்து விற்றுவிடுகிறார். நகரத்துக்கு நேரே போய் விற்றுவிட்டால் துன்பம் தீரும் என்று மேடையில் பேசுவோர் உண்டு. தீராது என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் பங்குனி மாதத்து 20,000 ரூபாய்க்கு வழி பிறக்க வேண்டும்.

காத்திருப்பதற்கும் நாள் தெரிய வேண்டும். இங்கேதான் இயற்பியல் மாணவனுக்குக் கொஞ்சம் வேலை கிடைத்தது. சந்திர ஆண்டுக்கு ஏறத்தாழ 354 நாள்; நம் ஆண்டுக்கு 11 நாள் குறைவு. அதனால் பக்ரீத் ஆண்டுதோறும் 10 முதல் 12 நாள் வரை முன்னே நகர்கிறது. 2023இல் ஜூன் 29. 2024இல் ஜூன் 17. 2025இல் ஜூன் 7. பிறை கண்டே நாள் உறுதியாகும். எனினும் கணக்குப்படி 2027இல் அது மே நடுவிலும், 2030இல் ஏப்ரல் நடுவிலும் வரும். ஆட்டுக்கோ சினைக் காலம் 5 மாதம். குட்டி பிறந்து ஓராண்டு நிறைய வேண்டும். ஆகவே ஒரு பக்ரீத்துக்கான கிடாவைப் பற்றி ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு முன்பே எண்ண வேண்டும்.

எங்கள் கரிசலில் மழைக்குப் பின், தை மாசியில் பிறக்கும் குட்டி பச்சை தின்று வளரும். சித்திரையில் பிறக்கும் குட்டி மெலியும். 2030ஆம் ஆண்டுப் பக்ரீத்துக்கு முந்திய சித்திரையில் பிறந்த குட்டிக்கு வயதும் நிறையாது. இன்னும் ஒன்று: பக்ரீத் முன்னே நகர நகர, கேரளத்துப் பருவமழைக்கு முன்பாகவே அது முடிந்துவிடும், எங்கள் ஆடுகள் ஈரத்தில் நிற்க வேண்டியதில்லை. கோடையில் வேலங்காயும் கடலைக்கொடியும் விலைக்கு வாங்கிப் போடும் மாதங்களும் குறையும். மேலும் எங்கள் பக்கத்துப் பங்குனி, சித்திரைக் கொடைகளும் பக்ரீத்தும் அருகருகே வரும். இரண்டுக்கும் கிடா வேண்டும்; சந்தையில் உருப்படி குறையும்; விலை ஏறும். 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் வெள்ளாடுகள் ஏறத்தாழ 99 இலட்சம். கேரளத்தில் ஏறத்தாழ 13.6 இலட்சம். களியக்காவிளையைத் தாண்டி வரும் வண்டிகள் இனியும் வந்துகொண்டுதான் இருக்கும்.

இவற்றையெல்லாம் ஒரே தாளில் மாதவாரியாக எழுதி ஊருக்கு அனுப்பினேன். பண்டிகைகள் சிவப்பில், புரட்டாசியும் தவக்காலமும் மண்டல விரதமும் நீலத்தில், கிடா விடும் மாதமும் குட்டி போடும் மாதமும் பச்சையில். தொழுவத்துக்கு அருகே சுவரில் அதை ஒட்டிவிட்டு அம்மா தொலைபேசியில் அழைத்தாள். எல்லாம் சரி, ஆனால் முக்கியமானதை விட்டுவிட்டாய் என்றாள். எது என்று கேட்டேன்.

“உனக்கும் பாப்பாவுக்கும் பணம் கட்டுற நாளு எங்க? அதப் பாத்துதானய்யா ஆடு விக்கிறோம்” என்றாள்.

அந்த நாட்களையும் சேர்த்து எழுதியபோதுதான் தாள் முழுமை பெற்றது. எங்கள் கட்டண நாள் ஒன்றேனும் நல்ல விலை நாளுக்கு அருகில் இல்லை. இடைவெளி எத்தனை நாள், அதற்கு எவ்வளவு கடன் வேண்டும் என்று இப்போது குழுவின் கூட்டத்தில் முன்கூட்டியே சொல்லிவைக்கிறார்கள். இவ்வாறு காத்திருக்க விரும்பும் வீடுகள் எங்கள் தெருவில் இப்போது ஏழு.

நண்பர்களே, நம்முள் பலர் கிராமத்திலிருந்து வந்தவர்கள். ஆடோ, கோழியோ, பூவோ, வாழை இலையோ, ஏதோ ஒன்று பண்டிகை நாளில் விற்று நம்மைப் படிக்க வைக்கிறது. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, அது எந்த நாளில் விற்கிறது, எந்த நாளில் பணம் தேவைப்படுகிறது என்று வீட்டில் கேட்டு எழுதிப் பாருங்கள். ஒரு தாளும் ஒரு மாலைப் பொழுதும் போதும்.